வெளிநாட்டுப் பயணத்தில் இலவச வைஃபையை மட்டும் நம்பிப் போகலாமா?

சிம் எதுவும் வாங்காமல், போகிற இடங்களில் கிடைக்கும் வைஃபையை வைத்தே சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய நகரங்களில் ஓரளவு முடியும். விமான நிலையம், ஹோட்டல், காபிக் கடை என்று வைஃபைக்குப் பஞ்சமில்லை. உள்ளே நுழைவதில்தான் சிக்கல். பல இடங்களில் கைபேசி எண் கேட்டு ஓடிபி அனுப்புவார்கள். உங்கள் சிம்மில் ரோமிங் இல்லையென்றால் அது வரவே வராது. முழு சிக்னலையும் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சீன விமான நிலையங்கள் சிலவற்றில் இதற்காகவே பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து கடவுச்சொல் தரும் இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள்.

சீனாவில் இன்னொரு தொல்லை, உள்ளூர் வைஃபையில் கூகுள், வாட்ஸ்அப் எதுவும் திறக்காது. வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கில் பெரும்பாலும் திறக்கும். அந்த டேட்டா, சிம் கொடுத்த நிறுவனத்தின் நாட்டு வழியாகச் சுற்றிப் போவதுதான் காரணம்.

வைஃபையின் லாகின் பக்கமே வராமல் முரண்டு பிடித்தால் விபிஎன்னை (இணைய இணைப்பை மறைத்து வேறு வழியாக அனுப்பும் செயலி) அணைத்துவிட்டு, எச்டிடிபிஎஸ் இல்லாத, அதாவது முகவரி https என்றில்லாமல் http என்று தொடங்கும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள்.

என்னைக் கேட்டால், குறைந்த டேட்டாவுடன் ஒரு இசிம் (அட்டை இல்லாமல் கைபேசியிலேயே இறக்கிக்கொள்ளும் சிம்) போட்டுக்கொண்டு வைஃபையைத் துணைக்கு வைத்துக்கொள்வதே நல்லது. இசிம்மை இறக்கவே இணையம் வேண்டும், அதனால் கிளம்பும் முன்பே நிறுவிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுற்றுவதென்றால் ஒரு உறுப்பு நாட்டு சிம்மே போதும். 2017 ஜூன் முதல், நியாயமான அளவுக்குள், அங்கே தனி ரோமிங் கட்டணம் கிடையாது. சுவிட்சர்லாந்து இதில் சேராது. எல்லை தாண்டும் முன் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.