வைக்கோல்லயே காளான் வித்து பெருக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (திருவாடானை பக்கத்து விவசாயி): ஐயா வணக்கம். அறுப்பு முடிஞ்சு மாட்டுக்கு போக நிறைய வைக்கோல் மிச்சம் கெடக்கு. தென்னந்தோப்பு நிழல்ல வெளியிலயே பெரிய அளவுல காளான் போடலாம்னு இருக்கேன், ஆனா அவ்வளவு இடத்துக்கும் சோள வித்து (சோளத்துல காளானோட பூசண நூல வளத்த விதை) வாங்குனா கட்டுபடியாகாது. வைக்கோல்லயே வித்த பெருக்கிக்கலாம்ங்கறாங்களே, நம்ம ஊருக்கு அது சரிவருமா?

பதில்: வரும் தம்பி, ஆனா ஒரே ஒரு தடவதான் பெருக்கணும், அத முதல்லயே சொல்லிடறேன். லேப்ல சுத்தமா செஞ்ச சோள வித்து 1 கிலோ வாங்கி 10 கிலோ ஈர வைக்கோல்ல பரவ விடுங்க, அந்த 10 கிலோவ எடுத்து 100 கிலோ ஈர வைக்கோல் படுக்கைக்கு போடுங்க. காஞ்ச கணக்குல பாத்தா அது சுமாரா 30 கிலோ வைக்கோல். அதோட நிறுத்திக்கணும். பத்த நூறாக்கலாம் நூற ஆயிரமாக்கலாம்னு போனா, நம்ம கொட்டகையில கொதிக்க வச்சு செய்யறது லேப் சுத்தம் கெடையாது இல்லையா, முதல் சுத்துல கண்ணுக்கே தெரியாம ஒட்டிக்கிட்ட பச்சப் பூசணம் ரெண்டாவது சுத்துல காளானுக்கு முன்னாடி அது பரவி நிக்கும், மொத்த படுக்கையும் போயிடும்.

வெளிப்படுக்கைக்கு வைக்கோல் வித்துல இன்னொரு நல்லதும் இருக்கு. சோளத்த தூவுனா எறும்பு, எலி, அணில், நம்ம பக்கம் மயில் வேற, எல்லாம் வந்து கெளறிடும். வைக்கோல் வித்துல அதுங்களுக்கு தின்ன ஒண்ணுமில்ல. பூசண நூலும் ஏற்கனவே வைக்கோல தின்னு பழகுனதால சீக்கிரம் பிடிச்சுக்கும். குறைன்னா, சோளத்துல இருக்கற சத்து இதுல கெடையாது, அதனால எண்ணி எண்ணி போடாம தாராளமா போடணும், வச்சிருந்து போடவும் முடியாது, பரவி முடிஞ்சதும் போட்டுடணும்.

சிப்பிக் காளானுக்கு செய்முறை சொல்றேன். வைக்கோல ரெண்டு விரக்கட நீளத்துக்கு நறுக்கி அஞ்சாறு மணி நேரம் ஊறவச்சு, சாக்குல கட்டி, 200 லிட்டர் டிரம்முல 80 டிகிரி ஆவி சூட்டுல ஒரு மணி நேரம் வைங்க. எடுத்து சுத்தமான தார்பாய்ல நிழல்ல ஆறவிடுங்க. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கி பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும், தண்ணி ஒழுகுனா இன்னும் கொஞ்சம் காயணும், கை ஈரமாவே ஆகலன்னா ரொம்ப காஞ்சுடுச்சு. இந்த பதம்தான் உயிர், ஈரம் அதிகமா இருந்தா அடியில தண்ணி நின்னு புளிச்ச வாட அடிச்சு பாக்டீரியா பிடிச்சுடும். சூடு நல்லா ஆறுன பிறகு கைய ஸ்பிரிட் போட்டு தொடச்சுட்டு வித்த கலந்து கவர்ல அமுக்கி அடைச்சு, ஓட்ட போட்டு பஞ்சு வச்சு, இருட்டான எடத்துல வச்சா ரெண்டு மூணு வாரத்துல பூரா வெள்ளையா பின்னிக்கும். தவிடு, பருப்பு மாவு எதுவும் இதுல சேக்காதீங்க, ஆவியில முழுசா கிருமி சாகாது, அந்த சத்த மொதல்ல தின்னப்போறது பூசணம்தான்.

படுக்கைக்கான வைக்கோல் மொத்தத்தையும் இப்படி வேகவைக்க விறகு கட்டாது. அதுக்கு சுண்ணாம்புத் தண்ணி போதும், 100 லிட்டருக்கு 2 கிலோ நீத்துன சுண்ணாம்பு போட்டு ஒரு ராத்திரி பூரா ஊறப்போட்டு வடிங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பா இருந்தாலும் சரி, புதுசா நீத்துனதா இருக்கணும், காத்துபட்டு ரொம்ப நாள் கெடந்ததுல காரம் போயிடும். கையுறை கட்டாயம், கண்ணுல தெறிச்சா பார்வைக்கே ஆபத்து. அப்புறம் தென்னமரத்தடியில செங்கல் பரப்பி அதுமேல படுக்கய போடுங்க, வெறும் தரையில போட்டா கரையான் ஏறிடும், ஐப்பசி கார்த்திகை மழையில தண்ணியும் தேங்கும். வைக்கோல் ஒரு அடுக்கு, வித்து ஒரு அடுக்குன்னு போட்டு மேல பாலித்தீன் மூடி, வெள்ளையா நூல் பின்னுனதும் திறந்துவிட்டு சாக்கு நனச்சு போடுங்க.

வைக்கோல் எந்த வயல்ல இருந்து வந்துச்சுன்னும் கேட்டுக்கங்க. குலைநோய்க்கு கடைசி நேரத்துல பூசணக்கொல்லி அடிச்ச வயலா இருந்தா அந்த மருந்து காளானையும் விடாது, அதுவும் பூசணம்தானே. மழையில நனஞ்சு கறுத்த வைக்கோலும் வேணாம்.

சிப்பிய கார்த்திகையில இருந்து தை வரைக்கும் வச்சுக்கங்க, 30 டிகிரிக்கு மேல போனா அது தெணறிடும். அதனால இந்த தை அறுப்பு வைக்கோல மழபடாம போர் போட்டு வச்சு அடுத்த கார்த்திகையில ஆரம்பிங்க.

கேள்வி (தொண்டியில இருந்து ஒரு மகளிர் குழு): நாங்க வெயில் காலத்துக்குன்னு வைக்கோல் காளான் (சிப்பி இல்ல, இது வேற வகை காளான்) வித்து வாங்குனோம். கெட்டுடக்கூடாதுன்னு ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்து போட்டா ஒண்ணுமே வரல. இன்னொரு பாக்கெட்டுல பழுப்பா புள்ளி புள்ளியா வந்திருக்கு, அதையும் தூக்கி போட்டுடவா ஐயா?

பதில்: போட்டுடாதீங்கம்மா! வைக்கோல் காளான் வித்து முத்துனா அப்படித்தான் செம்பழுப்பா புள்ளி கட்டும், அது அந்த காளானோட சொந்த வித்தணு, நல்லா வந்திருக்குன்னு அர்த்தம். பச்ச, கறுப்பு, ஆரஞ்சு கலர்ல தூள் மாதிரி இருந்தாதான் கெட்டது, அத கொட்டகைக்கு வெளிய கொண்டுபோய் பிரிக்காமலே அப்புறப்படுத்துங்க. ஃப்ரிட்ஜ்தான் உங்க வித்த கொன்னது. சிப்பிக் காளான் வித்துக்கு ஃப்ரிட்ஜ் நல்லது, ஆனா வைக்கோல் காளான் சூட்டுக்குன்னே பொறந்தது, 35 டிகிரியில ஓடி பரவும், 15க்கு கீழ போனா செத்துடும். பறிச்ச காளானையும் அதுல வைக்காதீங்க, தண்ணியா கரஞ்சுடும், குடை விரியறதுக்கு முன்னாடி முட்ட மாதிரி இருக்கறப்பவே பறிச்சு அன்னன்னைக்கே வித்துடணும்.

இதுக்கு வைக்கோல் வித்து நீங்களே செய்யறதா இருந்தா டிரம் ஆவி பத்தாது, இது வளர்ற 35 டிகிரி சூட்டுல எல்லா பூசணமும் போட்டிக்கு வரும். பாலிப்ரொப்பிலீன் கவர்ல போட்டு பிரஷர் குக்கர்ல ஒன்றரை மணி நேரம் வச்சுதான் ஆகணும், சாதா பாலித்தீன் உருகிடும். படுக்கைக்கு கையறுப்பு வைக்கோல் தேடுங்க. மெஷின் அறுத்தது நசுங்கி நொறுங்கி இருக்கும், வித்து செய்ய ஓகே, கட்டு கட்டி குறுக்கும் நெடுக்கும் அடுக்கறதுக்கு ஆகாது. பங்குனி சித்திரையில ஆரம்பிக்கலாம், கச்சான் காத்து வறட்டு வறட்டுனு வீசறப்ப ஓலத்தட்டி கட்டி மறைக்கலன்னா மொட்டு காஞ்சு உதுந்துடும்.

கொட்டகைக்குள்ளயே வெயில் காலத்துல செய்யணும்னா பால் காளானும் இருக்கு, நம்ம பக்கத்து அருப்புக்கோட்ட ஆராய்ச்சி நிலையத்துல வந்த ஏபிகே 2 ரகம் இந்த சூட்ட தாங்கும், ஆனா அதுக்கு நூல் பரவுன படுக்கை மேல மண்ணு ஒரு அடுக்கு போடணும், வேல கூடுதல்.

கேள்வி (பெரியபட்டினம்): எங்க போர் தண்ணி உப்பு கரிக்குது. ஊறவைக்க, தெளிக்க அத பயன்படுத்தலாமா?

பதில்: வேணாங்க. ஊறவைக்கும்போது உப்பு வைக்கோலுக்குள்ள இறங்கிடும், அதுக்கு மேல தினமும் தெளிக்க தெளிக்க தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் சேந்துகிட்டே போகும், நூல் பரவறது மந்தமாகி மொட்டு கருகும். ஊரணி தண்ணியோ பண்ணக்குட்டையில புடிச்ச மழத்தண்ணியோ பாருங்க. ஊறவைக்கத்தான் நிறைய செலவாகும், தெளிக்க கொஞ்சம் போதும், அதனால நல்ல தண்ணி இருக்கற மாசத்த வச்சு எத்தன படுக்கன்னு முடிவு பண்ணுங்க.

கேள்வி (சாயல்குடி): படுக்கையில நாம போடாத காளானும் மொளைக்குது, சாப்பிடலாமா?

பதில்: கூடாது. வெளிப்படுக்கையில மையாட்டம் கரையற குடைக்காளான் வரும், அது வைக்கோல்ல ஈரம் ஜாஸ்தின்னு காட்டுது, புடுங்கி போடுங்க. பக்கத்து புல்தரையில பெருசா வெள்ளக்குட மாதிரி வந்து, குடைக்கு அடிப்பக்கம் இருக்கற மடிப்பு (செவுள்) நாளாக நாளாக பச்சையடிக்கிறது ஒண்ணு இருக்கு, அது விஷம், கடுமையா வாந்தி பேதி வரும். பறிக்க ஆள் விட்டா, நீங்க போட்ட காளான் எதுன்னு கையில எடுத்து காட்டிட்டு விடுங்க, குழந்தைங்கள தனியா பறிக்க அனுப்பாதீங்க.