கராத்தே பட்டித் தேர்வில் தோற்ற மறுநாள்

அன்புள்ள தங்கச்சி,

வியாழக்கிழமை நீங்கள் வந்தபோது வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவசரத்தில் பாதி பேசி உங்களை அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் உங்கள் மகளின் நினைவாகவே இருந்தது. அதனால்தான் ஆறுதலாக இருந்து இதை எழுதுகிறேன்.

"சாதாரண தரச் சோதினைக்கு ஏழு மாசந்தான் கிடக்கு, கராத்தேயை நிப்பாட்டட்டா?" என்று கேட்டீர்கள். நிற்பாட்ட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

பேச்சோடு பேச்சாக நீங்கள் ஒரு குறை சொன்னீர்கள். "பச்சைப் பட்டிச் சோதினையிலயும் பெயில். வெக்கமில்லாம அடுத்த நாளே திரும்பப் போயிட்டாள்." இதே பிள்ளைதான், இரண்டாம் தவணையில் கணிதத்துக்கு 31 புள்ளி வந்த பிறகு இரண்டு மாதமாகக் கணிதக் கொப்பியைத் தொடவில்லை என்றும் சொன்னீர்கள். தோல்வி இரண்டு, பிள்ளை ஒன்று. ஒரு தோல்விக்குப் பிறகு மறுநாளே போய் நின்றவள், மற்றதற்குப் பிறகு கொப்பியை மூடி வைத்துவிட்டாள். அது ஏன் என்றுதான் எனக்கு யோசனை.

கத்தாரிலிருந்து உங்கள் கணவர் போன் எடுத்தபோது நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள் அல்லவா, அப்போது அவளிடமே கேட்டேன். முதலில் நிலத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "திரும்பேக்க என்ர பின்கால் எழும்புது, இடுப்பு பிந்தி வருதெண்டு சென்செய் சொன்னவர். அதைத் திருத்தினாச் சரி." சென்செய் என்று அவள் சொன்னது கராத்தே மாஸ்டரை. கணிதம்? "கணக்கு எனக்கு வராது."

கராத்தேயில் அவள் கண்டது ஒரு பிழை. கணிதத்தில் பிழையே அவளாகிவிட்டது. எந்தப் படியில் தவறினாள் என்று அந்த 31 சொல்லவில்லை, பக்கத்தில் இருந்து சொல்ல ஆளும் இல்லை. உவர்மலை மண்டபத்தில் வாரத்துக்கு நாலு நாள் ஒருவர் அவள் காலைப் பார்த்து, இடுப்பைப் பார்த்து, இன்ன இடத்தில் பிழை என்கிறார். அவள் திருத்துகிறாள், திரும்பவும் பிழைக்கிறது, திரும்பவும் திருத்துகிறாள். ஒன்றரை வருடத்துக்கு முன் என்னிடம் வந்தபோது பெயர் கேட்டாலும் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். இப்போது தன் பிழையைத் தானே விளக்குகிறாள். இந்தப் பழக்கத்தைச் சோதினை வருடத்தில் பிடுங்கி எடுத்தால், ரியூசனுக்குக் கூட ஒரு மணித்தியாலம் கிடைக்கும். ஆனால் திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை போய்விடும்.

"அடிதடி பழகிப் பொம்பிளைப் பிள்ளை முரடாகிடும்" என்று உங்கள் மாமி சொல்கிறா என்றீர்கள். அவவுக்கு இதைச் சொல்லுங்கள். மகள் செய்யும் ஹெயன் காட்டாக்கள், அதாவது தடுப்பும் அடியும் ஒழுங்காக வரும் ஐந்து தனிப் பயிற்சி வரிசைகள், பள்ளிப் பிள்ளைகளை நினைத்தே அமைக்கப்பட்டவை. 1900களின் தொடக்கத்தில் ஒகினாவாவில் இதோசு அங்கோ என்ற ஆசான் பாடசாலைகளுக்குக் கராத்தேயைக் கொண்டுவந்தார். பழைய நீண்ட காட்டாக்கள் மாணவருக்குக் கடினம் என்று இந்த ஐந்தையும் ஒழுங்குபடுத்தினார். ஐந்தும் தடுப்பில்தான் தொடங்குகின்றன, அடியில் அல்ல. 1922இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டிய பூனாகோஷி கிச்சின் ஒகினாவாவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1882இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ சிறுவயதில் மெலிந்த, குள்ளமான பிள்ளை. விடுதியில் பெரிய பையன்களிடம் அடிவாங்கித்தான் கலை தேடிப் போனார். பின்னாளில் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரிக்கே அதிபராக இருந்தார். முரடர் கையில் வளர்ந்த கலை இல்லை இது, வாத்திமார் கையில் வளர்ந்தது. நம்முடைய கிழக்கிலும் சிலம்படி, சீனடி பழக்கிய அண்ணாவிமார் முதலில் பழக்கியது பணிவைத்தான் என்று மாமிக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் பயிற்சியை இப்போதிருப்பதுபோல நாலு நாளும் தொடர வேண்டாம். இரண்டு நாளாக்குங்கள். சோதினைக்கு முந்திய ஆறு கிழமையும் ஒரு நாள் போதும். மற்ற நாட்களில் படிப்புக்கு நடுவே முற்றத்தில் ஒரு காட்டா செய்யட்டும், ஒரு நிமிடம்தான் எடுக்கும். அடுத்த பட்டித் தேர்வு சோதினை முடிந்த பிறகுதான் என்று அவளோடு இருந்து பேசி முடிவெடுங்கள். உத்தரவாகச் சொல்ல வேண்டாம். இருட்டின பிறகு சாம்பல்தீவு பஸ்ஸில் தனியே வருவது உங்களுக்குப் பயமென்றால் அது நியாயமான பயம். உங்கள் பக்கத்துப் பிள்ளை இன்னொன்றும் வருகிறதாம். இரண்டு பேரையும் பின்னேரம் நாலு மணி வகுப்புக்கு மாற்றித் தரும்படி மாஸ்டரிடம் நேரில் கேளுங்கள். போனால் ஒரு வகுப்பு முழுக்க இருந்து பாருங்கள். மறைக்க ஒன்றுமில்லாத மாஸ்டர் தாய்மார் இருந்து பார்ப்பதை விரும்புவார். பட்டிக்கு மேல் பட்டி என்று காசு கேட்கும் இடமென்றால் எனக்குச் சொல்லுங்கள்.

வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். கராத்தே மட்டும் சோறு போடும் என்று நம்ப வேண்டாம். ஒலிம்பிக்கில்கூட அது ஒரே ஒரு முறைதான், தோக்கியோவில் 2021இல் நடந்த போட்டிகளில்தான் இருந்தது. வீட்டில் சட்டம் போட்டு மாட்டும் தனியார் சங்கச் சான்றிதழை விட, பாடசாலை மூலமாக வலயம், மாகாணம், அகில இலங்கை என்று போய் எடுக்கும் சான்றிதழுக்குப் பெறுமதி அதிகம். தேசிய மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு ஒன்றும் உண்டு, ஆனால் அதற்கும் உயர்தரம் சித்தியடைய வேண்டும்.

உடம்பு எப்படி அசைகிறது என்பதில் அவளுக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது. "இடுப்பு பிந்தி வருது" என்று சொன்ன விதத்திலேயே அது தெரிந்தது. உயர்தரத்தில் உயிரியல் எடுத்தால் கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வர, கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நம் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது. சப்ரகமுவவிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கலாம். கல்வியியற் கல்லூரி போய் உடற்கல்வி ஆசிரியையாகவும் வரலாம். இப்போதே ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லி அவளை நெருக்க வேண்டாம். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் சாதாரண தரக் கணிதம் குறுக்கே நிற்கும். அரச வேலை விண்ணப்பங்கள் பெரும்பாலானவற்றில் முதல் நிபந்தனைகளில் ஒன்று அதுதான்.

ஆகவே சனிக்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டாம் தவணைக் கணித வினாத்தாளும் அவள் எழுதின விடைத்தாளும் வேண்டும், புள்ளி அறிக்கை வேண்டாம். ஒவ்வொரு கணக்கிலும் எந்த வரியில் கால் எழும்பியது என்று அவளே சிவப்புப் பேனையால் குறிக்கட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன். நீங்களும் இருங்கள். ஆனால் அவள் குறித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்ல வேண்டாம்.