மூன்றாவது கட்சிக்குப் போடும் ஓட்டு வீணாகுமா?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் முதல்முறையாக ஆளுநர் தேர்தலில் ஓட்டுப் போடப் போகிறேன். இரண்டு பெரிய கட்சிகள் மீதும் நம்பிக்கை இல்லை. மூன்றாவதாக நிற்பவர் முன்னாள் செனட்டர். அவருக்குப் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் அவர் ஜெயிப்பாரா என்பதோடு, ஜெயித்தபின் சட்டமன்றத்தில் அவருக்கு யார் துணை நிற்பார்கள் என்பதையும் யோசியுங்கள். கனெக்டிகட் மாநிலத்தின் லோவல் வைக்கர் கதை இதற்குச் சரியான பாடம்.

வைக்கர் குடியரசுக் கட்சிக்காரர். 1970இல் மும்முனைப் போட்டியில் சுமார் 42 சதவீத ஓட்டுடன் செனட்டரானார். நிக்சன் ஆட்சியை உலுக்கிய வாட்டர்கேட் ஊழலை விசாரித்த செனட் குழுவில் இருந்துகொண்டு, சொந்தக் கட்சி அதிபர் நிக்சனையே கடுமையாகச் சாடினார். 1988 செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜோ லீபர்மனிடம் சுமார் 10,000 ஓட்டில் தோற்றார். இரண்டே வருடத்தில் ‘எ கனெக்டிகட் பார்ட்டி’ என்று தனிக்கட்சி தொடங்கி, ஏறத்தாழ 40 சதவீத ஓட்டுடன் ஆளுநரானார். அந்தக் கட்சிக்கு வேர் எதுவும் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டது அவருடைய பெயருக்குத்தான்.

அப்புறம்தான் சிக்கல். கஜானாவில் பெரிய பற்றாக்குறை. சட்டமன்றமோ ஜனநாயகக் கட்சியின் கையில். சம்பளத்துக்கும் வருமான வரி போட்டாக வேண்டும் என்றார் வைக்கர். அந்த வரி இல்லாமல் வந்த பட்ஜெட்டுகளை மூன்று முறை திருப்பி அனுப்பினார். 1991 ஆகஸ்டில் மாநில செனட்டில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தபோது, துணை ஆளுநர் யூனிஸ் குரோர்க் போட்ட ஓட்டில்தான் மசோதா தப்பியது. 4.5 சதவீத வருமான வரி வந்தது. விற்பனை வரி 8லிருந்து 6 சதவீதமாக இறங்கியது. தலைநகர் ஹார்ட்ஃபோர்டில் பல்லாயிரம் பேர் திரண்டு அவரைத் திட்டினார்கள். ஆனால் வருமான வரி இன்றும் இருக்கிறது. அவர் துணிச்சலை நான் மதிக்கிறேன். 1994இல் அவர் மறுபடி நிற்கவில்லை. குரோர்க் நின்று மூன்றாவது இடத்துக்குப் போனார்.

அதனால் உங்கள் வேட்பாளரின் கூட்டத்துக்குப் போனால் ஒன்று கேளுங்கள்: “உங்கள் பட்ஜெட்டுக்கு இரு அவைகளிலும் யார் ஓட்டுப் போடுவார்கள்?” பெயர் சொல்லத் தெரிந்தவரென்றால் நம்பலாம். அவருடைய துணை ஆளுநர் வேட்பாளர் யார் என்பதையும் லேசாக விட்டுவிடாதீர்கள்.

தேர்தல் விதியையும் பாருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அதிக ஓட்டு வாங்கினாலே போதும், பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. ஜார்ஜியாவில் தாண்டியாக வேண்டும். இல்லையென்றால் முதல் இருவருக்கு மறுசுற்று. அலாஸ்காவில் வேட்பாளர்களை முதல், இரண்டாவது என்று விருப்ப வரிசையில் குறிக்கலாம்; உங்கள் முதல் விருப்பம் வெளியேறினால் ஓட்டு அடுத்தவருக்குப் போகும் என்பதால் பயமே வேண்டாம். சாதாரண முறை உள்ள மாநிலமென்றால் அக்டோபர் கருத்துக்கணிப்பைப் பாருங்கள். மூவரும் நெருக்கமாக இருந்தால் உங்கள் ஓட்டுக்கு முழு மதிப்பு உண்டு. அவர் 5 சதவீதத்திலேயே நின்றால், கட்சி அடுத்த தேர்தலிலும் ஓட்டுச்சீட்டில் தன் இடத்தைத் தக்கவைக்க அந்த ஓட்டு உதவலாம். நியூயார்க்கில் அதற்கு 2 சதவீதம் அல்லது 1,30,000 ஓட்டு, இதில் எது அதிகமோ அது தேவை. உங்கள் மாநிலக் கணக்கைத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.