எஸ்யூவி என்றால் என்ன? எல்லாரும் ஏன் அதையே வாங்குகிறார்கள், ஊருக்குள் அதனால் என்ன மாறுகிறது?

தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், உட்காரும் இடமும் உயரமாக இருக்கும் கார்தான் எஸ்யூவி. இந்தியாவில் இப்போது விற்கும் கார்களில் பாதிக்கும் மேல் இந்த வகைதான். நம் சாலைகளின் பள்ளம், ஸ்பீடு பிரேக்கர், மழைத் தண்ணீர் எல்லாம் ஒரு காரணம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏறி இறங்கவும் சுலபம். வரியும் ஒரு காரணம்: 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் நீளமும் சிறிய இன்ஜினும் உள்ள கார்களுக்குக் கலால் வரி 24-லிருந்து 16 சதவீதமானது. அப்புறம் கம்பெனிகள் அந்த நீளத்துக்குள்ளேயே உயரமான வண்டிகளைச் செய்ய ஆரம்பித்தன.

ஆனால் தெரு அகலமாகவில்லை. சின்ன காரான ஆல்ட்டோவின் அகலம் சுமார் 1.49 மீட்டர், எஸ்யூவியான கிரெட்டா 1.79. தெருவின் இருபுறமும் ஆல்ட்டோவுக்குப் பதில் கிரெட்டாக்கள் நின்றால் 60 சென்டிமீட்டர் போச்சு. மாநகரப் பேருந்து திணறுவது அங்கேதான். எனக்குப் பெரிய கவலை நடப்பவர்கள்தான். உயரமான பானெட் முட்டினால் அடி காலோடு நிற்காது, இடுப்பிலும் நெஞ்சிலும் படும். பானெட்டுக்கு முன்னால் நிற்கும் சின்னக் குழந்தை ஓட்டுபவர் கண்ணுக்கே தெரியாது.

தேர் பார்க்கும் கூட்டத்தில் முன்வரிசை எழுந்தால் பின்வரிசையும் எழுந்துதானே ஆக வேண்டும்? அப்படித்தான் அடுத்தவரும் உயரமான வண்டி தேடுகிறார்.

உயரமான வண்டி என்றாலே பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. 2020-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய டாடா ஆல்ட்ரோஸ் சாதாரண ஹேட்ச்பேக்தான், அதாவது உயரம் குறைந்த சின்ன கார்.