ஃப்ளூவை வீட்டுக்குள் கொண்டுவருவது யார்?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் எச்ஐவி இருக்கிறது. நான் ஆறு வருடமாக விடாமல் ஏஆர்டி மாத்திரை (எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் மருந்து) சாப்பிடுகிறேன், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எச்ஐவியின் அளவு, தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. கணவர் நடுவில் மாத்திரையை விட்டுவிட்டு மூன்று மாதம் முன்புதான் மறுபடி ஆரம்பித்தார், சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) 180. மகனுக்கு நான்கு வயது, அவனுக்கு எச்ஐவி இல்லை. எழுபது வயது மாமியாரும் கூட இருக்கிறார். அவருக்கு எங்கள் விஷயம் தெரியாது. மழைக்காலம் வந்தாலே ஒருவர் மாற்றி ஒருவர் காய்ச்சலில் படுக்கிறோம். எங்களிடமிருந்துதான் மற்றவர்களுக்கு ஃப்ளூ ஒட்டுகிறதா? எங்கள் உடம்பில் ஏறினால் அது இன்னும் வீரியமாகிவிடுமா?

பதில்: உங்கள் வீட்டில் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடந்திருக்கும். ஃப்ளூவை உள்ளே கொண்டுவந்தவர் உங்கள் மகனாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. எச்ஐவி பரவலாக இருக்கும் தென்னாப்பிரிக்காவில், 2017, 2018 ஆண்டுகளில் ஒரு கிராமத்துப் பகுதியிலும் ஒரு நகரத்துப் பகுதியிலுமாக 225 வீடுகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, வாரம் இரண்டு முறை எல்லோருடைய மூக்கிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். ஃப்ளூ அதிகம் வந்தது ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. மற்றவர்களுக்கு அதிகம் பரப்பியதும் ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகள்தான்: அவர்களோடு இருந்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத் தொற்றியது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் அது 10 சதவீதம். எச்ஐவி உள்ளவர்களுக்கு ஃப்ளூ கூடுதலாக வரவும் இல்லை, அவர்கள் கூடுதலாகப் பரப்பவும் இல்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தொற்றியவர்களில் பாதிக்குச் சற்று மேலே, 56 சதவீதம் பேருக்குத்தான் அறிகுறி இருந்தது. ஒன்றுமே தெரியாமல் நடமாடியவர்களும் கொஞ்சம் பரப்பினார்கள். அதனால் "யார் முதலில் தும்மியது" என்று வீட்டில் விசாரணை நடத்துவதில் பொருள் இல்லை.

வீரியம் பற்றிய கேள்விக்கு வருவோம். எச்ஐவி உள்ளவர் உடம்பில் நுழைந்ததால் ஃப்ளூ வைரஸ் முரட்டு வைரஸாகிவிடாது. எச்ஐவியும் அதோடு சேர்ந்து காற்றில் வராது. ஆனால் ஃப்ளூ வந்தபின் என்ன ஆகும் என்பதில் வித்தியாசம் உண்டு. சிடி4 200-க்குக் கீழே இருந்தால் நிமோனியா வரை போகும் ஆபத்து அதிகம், வைரஸ் உடம்பில் கூடுதல் நாள் தங்கவும் செய்யலாம். உங்களைப் போல மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு சிடி4-ம் நன்றாக இருப்பவருக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ஆகவே உங்கள் வீட்டில் பாதுகாக்க வேண்டியவர்கள் கணவரும், வயதான மாமியாரும்.

மகனுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது நீங்களாக இருங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு. பாட்டி மடியில் படுக்கத்தான் அடம்பிடிப்பான், தெரியும். முடிந்தவரை தடுத்துப் பாருங்கள். கணவர் ஐந்து முதல் ஏழு நாள் வேறு இடத்தில் படுக்கட்டும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும் என்பதால் இது முழுக்கவசம் ஆகாது, இருந்தாலும் பயன் உண்டு. தனி அறை இல்லாவிட்டால் ஜன்னல் இருக்கிறதே! மழைக்கும் கொசுவுக்கும் பயந்து எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஒரே ஹாலில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பதுதான் ஃப்ளூவுக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. எதிரெதிராக இரண்டு ஜன்னலைத் திறந்து, கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். மூக்குத் துடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்க வேண்டாம், வழக்கம்போலத் துலக்கினால் போதும்.

தடுப்பூசிதான் பெரிய விஷயம். ஆண்டுக்கு ஒரு முறை, நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பர் வாக்கில் போட்டுக்கொண்டால் நல்லது. பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். ஊசியில் இருப்பது உயிரற்ற வைரஸ், எச்ஐவி உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானது. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே வகை மட்டும் உங்கள் இருவருக்கும் வேண்டாம், அதில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. சிடி4 குறைவாக இருப்பதால் கணவருக்குப் பலன் சற்றுக் குறையலாம். அதற்காக அவர் தள்ளிப்போட வேண்டியதில்லை, சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதும் அவருக்குக் காவல்தான். மகனுக்கு இதுதான் முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவை. அரசின் இலவச அட்டவணையில் இந்த ஊசி இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். நான்கு பேருக்கும் ஒரே சமயத்தில் முடியாவிட்டால் கணவர், மாமியார், மகன், பிறகு நீங்கள் என்ற வரிசையில் போகலாம் என்பது என் கருத்து.

மாமியாரிடம் என்ன சொல்வது? உண்மையையே சொல்லலாம்: அறுபது தாண்டியவர்களுக்கு ஃப்ளூ ஆபத்து, அதனால் வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்கிறோம். மாஸ்க், ஜன்னல், தனிப்படுக்கை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு காரணம் போதும். எச்ஐவி பேச்சே எடுக்க வேண்டாம்.

கணவருக்குக் காய்ச்சல் தொடங்கினால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். ஏஆர்டி மாத்திரைகளோடு அது மோதுவதில்லை. மகனுக்கு ஃப்ளூ என்று உறுதியானாலே, கணவர் முன்கூட்டி அதை எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். காய்ச்சல் நேரத்திலும் ஏஆர்டியை ஒரு வேளைகூட விடக்கூடாது.

பலரும் கவனிக்காத ஒன்று: சளி பிடித்தால் மெடிக்கல் ஷாப்பில் ஜிங்க் கலந்த வைட்டமின் மாத்திரை வாங்கிப் போடுகிறோம். உங்கள் ஏஆர்டியில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து இருந்தால், ஜிங்க், இரும்பு, கால்சியம், ஜெலுசில் போன்ற வயிற்றெரிச்சல் மருந்துகள் எல்லாம் அது உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். ஏஆர்டி மாத்திரையை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ போடுங்கள். கடையில் காய்ச்சலுக்கென்று கலந்து கட்டிக் கொடுக்கும் மாத்திரைகளையும் வாங்க வேண்டாம், அதில் ஸ்டீராய்டு இருந்தாலும் நமக்குத் தெரியாது.

மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, விட்ட காய்ச்சல் மறுபடி அடித்தல், இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், உங்கள் இருவரில் யாருக்கு இருமல் நீடித்தாலும் மழைக்கால ஃப்ளூ என்று விட்டுவிடாமல் ஏஆர்டி மையத்தில் சொல்லுங்கள். எச்ஐவி உள்ளவருக்கு எத்தனை நாள் இருமல் என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை, உடனே காசநோய்ப் பரிசோதனை செய்துவிடுவார்கள்.