வாத்துக் குரலில் பேசுவது யார்?

கேள்வி: தாத்தாவின் சிற்றலை வானொலியில் 7 மெகாஹெர்ட்ஸ் அருகே, இரவில் வாத்து கத்துவதுபோல் பேச்சு கேட்கிறது. துறைமுகத்துக் கப்பல்களா?
– வாசகர், காசிமேடு

பதில்: கப்பல்கள் அல்ல. 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பேசுபவர்கள் பெரும்பாலும், பொழுதுபோக்காக வானொலியில் உரையாடும் அமெச்சூர் வானொலியாளர்கள். ‘விக்டர் யூனிஃபார்ம்’ (VU என்ற எழுத்துகள்) என்று தொடங்கும் அழைப்புக்குறி, அதாவது நிலையத்தின் அடையாளப் பெயர், காதில் விழுந்தால் அது இந்திய நிலையம். பேச்சு ஏற்றப்படும் ஊர்தி அலையையும், அதன் இருபுறமும் உண்டாகும் பக்கப்பட்டைகளுள் ஒன்றையும் நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் அவர்கள் அனுப்புவதால், நீக்கிய அலையை உள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும் வசதி இல்லாத பழைய பெட்டியில் பேச்சு வாத்துக் குரலாகிவிடுகிறது. எஸ்எஸ்பி எனப்படும் இந்த ஒற்றைப் பக்கப்பட்டை முறையைக் கேட்கும் வசதியுள்ள வானொலியை வாங்கி, கீழ்ப்பக்கப்பட்டையில் வைத்து, குமிழை மயிரிழை அளவு திருப்பினால், குரல் சட்டென்று மனிதக் குரலாவதைக் கேட்கலாம். அந்த நொடிக்காகவே வாங்கலாம் என்பேன்.

துறைமுகத்தை நெருங்கும் கப்பல்கள் விஎச்எஃப் எனும் மீயுயர் அதிர்வெண் அலையில் பேசுகின்றன; அவற்றின் அழைப்பு அலைவரிசையான 156.8 மெகாஹெர்ட்ஸ் உங்கள் பெட்டிக்கு எட்டாது. ஆழ்கடல் கப்பல்களுக்கான சிற்றலை ஆபத்து அலைவரிசைகளுள் 8291 கிலோஹெர்ட்ஸ் ஒன்று. அங்கே மேல்பக்கப்பட்டை வேண்டும், பொறுமையும் வேண்டும்.

மாடியில் பத்து மீட்டர் செம்புக் கம்பியை ஆன்டெனாவாகக் கட்டுங்கள். உங்கள் பகுதியின் உப்புக்காற்றில் இணைப்புகள் பச்சை பூத்துவிடும் என்பதால், அவ்வப்போது உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். திரும்பப் பேச ஆசை வந்தால் மட்டும், தேர்வெழுதி உரிமம் பெற்றாக வேண்டும்.