சமூகப்பணி முதுகலை: வணிகவியல் மாணவிக்கு இடமுண்டா?

கேள்வி: பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. சேர எனக்குத் தகுதி உண்டா? விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். 1936-இல் தொடங்கிய மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் சேர, முதுநிலைப் படிப்புகளுக்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 1952-இல் தொடங்கி இன்று எழும்பூரில் இயங்கும் சென்னை சமூகப்பணிக் கல்லூரிக்கோ தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

இப்படிப்பில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று விளக்கும் நோக்க அறிக்கையில் 'ஏழைகளுக்குச் சேவை செய்யப் பிறந்தவள் நான்' என்று எழுதிவிடாதீர்கள். தேர்வுக் குழுவினர் அதை ஆண்டுதோறும் படித்துச் சலித்திருப்பார்கள். மாறாக, உங்கள் தெருவிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கேட்டைச் சில வாரங்கள் உடனிருந்து எழுதிக் கொடுத்து, கடன் தவணை எங்கே, ஏன் தடைபடுகிறது என்று நீங்கள் கண்டதை எழுதினால், உங்கள் வணிகவியலே உங்களுக்குப் பரிந்து பேசும். நேர்முகத்திலும் அதையொட்டியே கேள்விகள் வரக்கூடும்.

இரண்டாண்டுப் படிப்பில் களப்பணி பெரும்பங்கு வகிக்கும். ஆகவே மருத்துவ உளநலம், சமுதாய மேம்பாடு, மனிதவளம் ஆகிய சிறப்புப் பிரிவுகளில் எது அக்கல்லூரியில் உள்ளது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.